பிஸ்காட்டியில் பதிந்த பல்

மாப்பிள்ளைக்கு அந்தக் கட்டடத்தில் வேறு பெயரே கிடையாது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. மாமியார் கூப்பிட்ட பெயர் எதிர்வீட்டுக்குத் தொற்றி, அங்கிருந்து படியிறங்கிக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய், கடைசியில் தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவர்கூட மொட்டைமாடியிலிருந்து "மாப்ள, மோட்டாரை நிறுத்துங்க" என்று குரல் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அவர் வருத்தப்படவில்லை. ஊருக்கே மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

வேலை பல் லேப்பில். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பார். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பிளாஸ்டரில் புதைத்து, வேகவைத்து, ஆறவிட்டு, தேய்த்து, மினுக்கி அனுப்புவது. நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பற்றியே யோசிப்பதால், தன் வாயை அவர் அதிகம் திறப்பதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்காட்டி சுடப் புறப்பட்டதற்கு ஒரு பாட்டில்தான் காரணம். லேப்புக்கு வேலை தரும் பல் டாக்டர் ஒருவர் எங்கோ பயணம் போய்த் திரும்பியபோது, எல்லாருக்கும் ஆளுக்கொரு பாட்டில் மேப்பிள் பாகு வாங்கி வந்திருந்தார். மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது. தேன் நிறம், தேனைவிடத் தண்ணீராக ஓடும். மோந்து பார்த்தால் கொஞ்சம் புகை, கொஞ்சம் கருகிய சர்க்கரை. மாப்பிள்ளையின் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக் கேட்டே பழகியவள். ஒரு துளியை விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்குன்னு தெரியல" என்று அலமாரியில் வைத்துவிட்டாள்.

எதற்கு என்று பாட்டிலின் முதுகிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. கொட்டைகள் போட்ட மேப்பிள் பிஸ்காட்டி, இத்தாலிக்காரர்கள் இரண்டு தடவை சுட்டுத் தின்னும் பிஸ்கட். மாப்பிள்ளை அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"ஒரே தடவையில ஒழுங்கா சுடத் தெரியாதவங்க கண்டுபிடிச்சதா இருக்கும்" என்றாள் அவள்.

ஆனால் மாப்பிள்ளைக்கு அந்த இரண்டு தடவை என்பதுதான் பிடித்துப்போயிற்று. ஒரு பொருளை வேகவைத்து, பொறுமையாக ஆறவிட்டு, மறுபடி கையில் எடுத்து முடிப்பது அவருடைய தொழிலும்தானே. வால்நட்டையும் பாதாமையும் வெறும் வாணலியில் வறுத்து, பெரிய துண்டுகளாகக் கொத்திக்கொண்டார். மைதாவும் பேக்கிங் பவுடரும் சிட்டிகை உப்பும் ஒரு பாத்திரத்தில். முட்டையும் உருக்கிய வெண்ணெயும் பாகும் இன்னொன்றில். சேர்த்துப் பிசைந்தால் மாவு விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கையை நனைத்துக்கொண்டு, மெழுகைத் தட்டி உருவம் கொண்டுவருகிற அதே பக்குவத்தில், தட்டில் இரண்டு தட்டையான கட்டைகளாக நீட்டி வைத்து ஓவனுக்குள் தள்ளினார்.

கட்டை பொன்னிறமாக வெளியே வந்தது. வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? சூட்டோடு சூடாகக் கத்தியை வைத்தார். வால்நட் ஒன்று கத்தியில் மாட்டிக்கொண்டு பக்கத்து மாவையெல்லாம் இழுத்துக்கொண்டு வர, முதல் கட்டை முழுக்கத் தூளாகிவிட்டது. லேப்பில் புதிதாகச் சேருகிறவர்களை, 'ஆறுறதுக்குள்ள திறந்தா பல்செட் கோணிக்கும்' என்று வாய் ஓயாமல் திட்டுகிறவர் அவர். தன்னைத் திட்ட ஆளில்லாததால் தானே திட்டிக்கொண்டு, இரண்டாவது கட்டையை மேடைமேல் வைத்துவிட்டுப் போய்த் துணி காயப்போட்டார். திரும்பி வந்து ரொட்டி அறுக்கும் கத்தியால், ரம்பம் இழுக்கிற மாதிரி, சாய்வாக அறுத்தார். ஒவ்வொரு வில்லையிலும் பாதாம் வெட்டுப்பட்டு வெள்ளையாகச் சிரித்தது. மறுபடி ஓவன், நடுவில் ஒரு திருப்பு. இந்தத் தடவை வெளியே வந்ததை விரலால் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்டது.

மனைவி ஒன்றை எடுத்துக் கடிக்கப் பார்த்தாள். பல் பின்வாங்கியது.

"லேப்புல வேலை கொறஞ்சுபோச்சா? இப்படி ஆள் பிடிக்கறீங்க?"

டீயில் தோய்த்துத் தின்னச் சொன்னார். தோய்த்தாள். ஓரம் ஊறி, நடு மொறுமொறுப்பாகவே இருந்து, பாகு வாசனை டீ ஆவியோடு ஏறி வந்தது. அவள் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

உள்ளறையில் இருந்த மாமியாருக்கும் ஒரு தட்டில் இரண்டு வில்லையும் டீயும் போயின. மகள்தான் கொண்டுபோனாள். மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான். அந்த மரியாதை வருஷக்கணக்கில் உறைந்து இறுகிப்போய், 'மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேளு' என்பதும், 'சாப்பிட்டேன்னு சொல்லு' என்பதும், மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே நடக்கும். நடுவில் மகள், தந்திக் கம்பம் மாதிரி.

தட்டு அப்படியே திரும்பி வந்தது. கூடவே செய்தியும் வந்தது. வாசனை பிரமாதமாம். பல் இருக்கிறவர்கள் சாப்பிடட்டுமாம்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் மாமியாருக்குப் பல் இருந்தது. அவரே செய்து கொடுத்த பல். குளியலறை அலமாரியில், ஒரு நீல டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது எவ்வளவு தாமதம் என்று அவர் சொல்லி முடித்தால், தூங்கிக்கொண்டிருப்பவனும் எழுந்து மூட்டையைத் தூக்குவான். அப்படி ஒரு குரல். ஒரு எழுத்து மங்காது. ஓய்வு பெற்ற பிறகு ஈறு கெட்டு, பல் ஒவ்வொன்றாக ஆடி, மொத்தமும் எடுக்கும்படி ஆகிவிட்டது. செட் செய்யும் வேலை லேப்பில் தன் மேஜைக்கே வரும்படி மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். மாமியாரின் பழைய படம் ஒன்றை மனைவியிடம் வாங்கிப் பார்த்து, இடப்பக்கக் கோரைப்பல் லேசாகத் திரும்பியிருந்ததால், செட்டிலும் அதை ஒரு நூல் திருப்பி வைத்தார். முத்துக் கோத்த மாதிரி வைத்தால் பொய்ப்பல் என்று தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டுதான் மாமியார் பழைய சகாக்கள் கூடும் ஒரு தேநீர் விருந்துக்குப் போனார். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று ஆரம்பித்தால், 'ச' வருகிற இடமெல்லாம் ஒரு விசில். பின்வரிசையில் யாரோ, "கார்டு விசிலடிச்சுட்டாரு, வண்டி கிளம்பலாம்" என்றார். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. மாமியாரும் சிரித்தபடிதான் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டவர்தான். பல்லில் குற்றமில்லை, அது நல்ல கைக்காரர் செய்தது, தனக்குத்தான் பொருந்தவில்லை என்று மகள் மூலம் சொல்லி அனுப்பினார். நேராகத் திட்டியிருந்தால்கூட மாப்பிள்ளை இரண்டு நாளில் மறந்திருப்பார். அன்றிலிருந்து ரொட்டியைப் பாலில் ஊறவைத்தும், காய்களை மசித்தும் மாமியாரின் சாப்பாடு. பேச்சும் குறைந்துவிட்டது. தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை.

மீதி பிஸ்காட்டியை ஒரு தகர டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார் மாப்பிள்ளை. ஒரு வாரம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். புதன்கிழமை பார்த்தால் டப்பா பாதி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போயிற்று. மனைவிதான் என்று அவர் நினைத்தார். அவர்தான் என்று அவள் நினைத்தாள். ஒருவரையொருவர் ஜாடையாகக் குத்திக்கொண்டு, இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

சனிக்கிழமை டீத்தூள் எடுக்கப் போனவர் கையில், அந்த டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு வில்லை தட்டுப்பட்டது. ஒரு ஓரம் கடிபட்டிருந்தது. யாரோ தின்றுகொண்டிருந்தபோது கதவுச் சத்தம் கேட்டு அவசரமாக மறைத்த மாதிரி. தூக்கி எறியப் போனவர் நின்றார்.

டீயில் ஊறிய பிஸ்காட்டி மெத்தென்று ஆகும். மறுபடி காய்ந்தால் கல்லாகும். ஊறியபோது பதிந்த பல், காய்ந்தபோது அச்சாக நின்றுவிட்டது. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகூடச் சில நாள் இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். முன்பல் ஒன்று, பக்கத்துப் பல் ஒன்று, அதையடுத்து ஒரு கோரைப்பல். ஒரு நூல் திரும்பிய கோரைப்பல்.

மனைவியைக் கூப்பிட்டார்.

"இது அத்தை கடிச்சது."

"அம்மாவா? அம்மாதான் பல்லே போடறதில்லையே."

"போடறாங்க. நாம இல்லாதப்போ."

அவள் வாங்கி, கடையில் மூக்குக்கண்ணாடி லென்ஸைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதைப் பார்த்து எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"உன் கையெழுத்து உனக்குத் தெரியாதா?"

அவள் உடனே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினாள். மாப்பிள்ளை வழியை மறித்துக்கொண்டு, கெஞ்சாத குறையாக வேண்டாமென்றார். கேட்டால் மாமியாருக்கு வெட்கமாகிவிடும். பல்லும் போய்விடும், பிஸ்காட்டியும் போய்விடும். போடுகிறவர் போடட்டும், தின்கிறவர் தின்னட்டும், நாம் கண்ணை மூடிக்கொள்வோம் என்று பேசி முடித்தார்கள். மறுநாள் இரண்டு மடங்கு மாவு பிசைந்தார். வால்நட்டோடு, அதன் சாயலிலேயே இருக்கும் பிக்கான் கொட்டையும் சேர்த்தார். தகர டப்பாவை மேல்தட்டிலிருந்து எடுத்து, எட்டிப் பிடிக்க வேண்டாத இடத்தில் வைத்தார்.

அதன் பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மாலையில் வந்ததும் சட்டைகூட மாற்றாமல் சமையலறைக் குப்பைக் கூடையைக் கிளறுவார். தின்ன முடியாமல் விட்ட ஓரங்கள், நுனிகள் ஏதாவது கிடைக்கும். ஒரு நாள் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பகல்ல பல்லு, சாயங்காலம் குப்பை. நல்ல முன்னேற்றம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு அது உறைக்கவில்லை. அவர் கண்டுபிடித்தது வேறு. எல்லாக் கடியும் இடப்பக்கமே விழுந்திருந்தது. வலப்பக்கத்தை மாமியார் தொடுவதேயில்லை. அப்படியானால் கீழ்செட்டில், வலது ஓரம், ஈறில் குத்துகிறது. ஒருவர் வாயைத் திறந்து சொல்லாமலே இவ்வளவும் சொல்லிவிட்டார்.

டாக்டர் பார்க்காமல் லேப்காரர் வாயில் கை வைக்கக்கூடாது என்பது தொழில் தர்மம். வாயிலா வைக்கிறோம், டப்பாவில்தானே என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். ஞாயிறு மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, நீல டப்பாவைத் திறந்து, ஓரத்தில் விரலை ஓட்டினார். அவர் நினைத்த இடத்திலேயே மெல்லிய விளிம்பு ஒன்று கத்தி மாதிரி நின்றது. நைசான உப்புத்தாளால் நாலு இழுப்பு, துணியால் ஒரு மினுக்கு, கழுவி வைத்துவிட்டுப் பூனைபோல் வெளியே வந்துவிட்டார்.

திங்கள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மாமியார் அவரை இரண்டு தடவை ஏறிட்டுப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்கள். பல் மாறியிருக்கிறது என்று மாமியார் கேட்க வேண்டுமானால், பல் போட்டுப் பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றி சொல்வதானாலும் அதே கதை. மாப்பிள்ளையும், வலி குறைந்ததா என்று கேட்க வாய் துறுதுறுத்தாலும், கேட்டால் மாட்டிக்கொள்வார். ஆக, கொட்டு வாங்கியவர்கள் இரண்டு பேர், சத்தம் மட்டும் இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்த மகள்தான் சிரிப்பை அடக்கத் தண்ணீரைக் குடித்துக்கொண்டேயிருந்தாள்.

கடைசியில் மாமியார் மகளிடம் திரும்பினார். "குளியலறை அலமாரியில யாரோ சாமானை எடுத்து வைக்கறாங்க. அவருக்கு ஏதாவது தெரியுமான்னு கேளு."

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி, "பூனையா இருக்கும்னு சொல்லு" என்றார்.

"மூணாவது மாடிக்கா?" என்றாள் மனைவி.

"சில பூனை ஏறும்."

மாமியார் மசித்த உருளைக்கிழங்கை ஸ்பூனால் சமன் செய்தார். "பூனைன்னா சரி. வேலை தெரிஞ்ச பூனைன்னு சொல்லு."

அந்த வாரம் வலப்பக்கமும் கடி விழுந்தது. மாப்பிள்ளைக்கு லேப்பில் ஒரு கிரீடம் வைத்த நடை. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. இப்போதுதான் குத்தவில்லையே, பின் ஏன் இன்னும் மாமியார் தங்கள் முன்னால் பல்லைப் போட மறுக்கிறார்?

அதற்குப் பதில் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடமிருந்து வந்தது. படியில் மாப்பிள்ளையை நிறுத்தி, பகலில் ரேடியோவை அணைக்காமல் போய்விடுகிறீர்களா என்று கேட்டார். ரேடியோவே வீட்டில் இல்லை என்றார் மாப்பிள்ளை.

"பின்ன என்ன மாப்ள அது? ரயில் வருது, போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நேத்து ஒரு வண்டி தாமதமாகும்னு சொல்லிச்சு. நானும் என்னையறியாம ஊசியைக் கீழ வச்சுட்டு உட்கார்ந்துட்டேன்."

மாப்பிள்ளை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பல்லு போனா சொல்லு போச்சு என்பதை அவர் நூறு வாயில் பார்த்திருக்கிறார். அவர் பிழைப்பே அதுதான். அதைத் தன் வீட்டிலேயே ஒருவர் யாருக்கும் தெரியாமல், தினமும் தனியாக நின்று, திரும்பப் பிடிக்கப் பார்க்கிறார் என்பது தோன்றாமல் போயிற்றே.

அடுத்து நடந்ததை அவர் திட்டமிடவில்லை. ஒரு வியாழக்கிழமை லேப்பில் கரண்ட் போய்விட்டது, சாயங்காலம்வரை வராது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கூட்டத்துக்கே கேட்கிற குரல்.

"பயணிகள் கவனிக்கவும். மேற்கு நோக்கிச் செல்லும் விரைவு வண்டி, இன்னும் சிறிது நேரத்தில், ஐந்தாம் நடைமேடைக்கு வந்து சேரும்."

மாமியார் ஜன்னலைப் பார்த்து, நிமிர்ந்து நின்றிருந்தார். ஒரு கையில் டீ டம்ளர், ஒரு கையில் பிஸ்காட்டி. 'சிறிது'வில் விசில் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு தோய்ப்பு, ஒரு கடி, மறுபடி முதலிலிருந்து. ஜன்னல் கண்ணாடியில் மாப்பிள்ளையின் உருவம் தெரிந்தது போலும். குரல் பாதி வாக்கியத்தில் நின்றது.

மாப்பிள்ளைக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. செருப்பில் ஒரு கால் அப்போதும் இருந்தது. ஆனால் காதில் விழுந்த விசிலை அவருடைய தொழில் விடவில்லை.

"அத்தை, அந்த 'சிறிது நேரத்தில்' மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

மாமியார் பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பினார், மகள் நிற்கும் இடத்துக்கு. அங்கே யாரும் இல்லை. டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். சொன்னார். விசில் வந்தது.

"சேரும்?"

"சேரும்." அதில் கொஞ்சம் குறைவு.

"மேல்செட்டுல முன்பல்லுக்குப் பின்னாடி தடிமனா விட்டுட்டேன். காத்து போக வழி பத்தல, அதான் விசிலடிக்குது. உங்க நாக்குல ஒரு குறையும் இல்ல."

மாமியார் அதை மனசில் ஒரு தடவை திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை."

"நீங்கதான் பேசவே இல்லையே. காதால கேட்காம நான் எப்படிச் சரி பண்றது?"

இத்தனை வருஷத்தில் இருவரும் நேராகப் பேசிக்கொண்ட நீளமான பேச்சு அதுதான். அது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மாமியார் உள்ளே போனார். போனவர் வர மாட்டார் என்றே மாப்பிள்ளை நினைத்தார். ஆனால் கையில் செட்டும், வாயை மறைத்த துண்டுமாக வந்து, மேஜைமேல் வைத்தார்.

மாமியாருக்குப் பல் பார்த்த டாக்டருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்ட பிறகுதான் மாப்பிள்ளை செட்டைத் தேய்க்கும் கைமோட்டாரை லேப் பையிலிருந்து எடுத்தார். மேஜையில் செய்தித்தாளை விரித்தார். ஒரு இழுப்பு தேய்ப்பார், கழுவிக் கொடுப்பார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டிக்கொள்வார், பிறகு ஒரு வண்டியை அறிவிப்பார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரக்கு வண்டி, சிறப்பு வண்டி, சுற்றுலா வண்டி, எல்லாம் அந்த மேஜைக்கு வந்து போயின. ஆரம்பத்தில் மாமியார் கூச்சத்தில் மெதுவாகச் சொன்னார். நாலைந்து வண்டி போனதும் குரல் தானாக ஏறியது. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றுவிட்டது.

நடுவில் மாப்பிள்ளை டீ போட்டார். தகர டப்பா இருவருக்கும் நடுவில் திறந்திருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது, முழுப் பூசணிக்காய்தான் வெளியே வந்துவிட்டதே.

"ஒண்ணு கேட்கலாமா, அத்தை? முதல் நாள் வேண்டாம்னு திருப்பி அனுப்புனீங்க. அப்புறம் எப்படி?"

மாமியார் வில்லையைத் தோய்த்து, சொட்டும்வரை காத்திருந்தார். "கோவம். பல்லு இல்லாதவளுக்குக் கல்லு மாதிரி ஒண்ணைச் சுட்டு அனுப்பறாரே, குத்திக் காட்டறாருன்னு நெனச்சேன். மறுநாள் வீட்ல யாரும் இல்ல. கடிச்சுக் காட்டறேன் பாருன்னு பல்லை எடுத்து மாட்டினேன்."

"கடிச்சுட்டீங்களே."

"கடிச்சது பெருசில்ல. நல்லா இருந்துச்சு, அதான் வம்பாப் போச்சு."

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. மாமியார் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, இவ்வளவு நாள் மகளிடம்கூடச் சொல்ல முடியாமல் வைத்திருந்த குறைகளை ஒன்றொன்றாக எடுத்துப் போட்டார். வால்நட்டை இன்னும் வறுக்க வேண்டும், பச்சை வாசனை போகவில்லை. பிக்கான் போட்டது சரி, ஆனால் கஞ்சத்தனமாகப் போட்டிருக்கிறது. உப்பு ஒரு சிட்டிகை கூடினால் பாகு தெரியும். முதல் வாரம் சுட்டதுதான் நல்ல மொறுமொறுப்பு. போன வாரத்தது நமத்த மாதிரி, இரண்டாவது சூட்டில் அவசரப்பட்டிருக்கிறார். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார், பிக்கான் விஷயத்தைத் தவிர. கொட்டை அதிகமானால் வில்லை அறுக்கும்போது உடையும் என்றார். மாமியார் அப்படியானால் கத்தி சரியில்லை என்றார். கத்தியில் ஒன்றுமில்லை என்றார் அவர்.

கண்ணாடிக் கடை மூடி வீடு வந்த மகள் வாசலிலேயே நின்றாள். உள்ளே இரண்டு குரல். ஒன்று கணவனுடையது, அதிசயமாகச் சத்தமாக. இன்னொன்று, சின்ன வயசில் நடைமேடையில் நின்று, அது எங்க அம்மா என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் பெருமையடித்த குரல். கத்தியைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டுச் சொல்லச் சொல்லவில்லை.

விசில் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. 'சி' மட்டும் வேகமாகச் சொன்னால் ஒரு இழை வரும். இதற்கு மேல் தேய்த்தால் செட் விரிசல் விடும், மீதியை நாக்கே பழகிக்கொள்ளும் என்றார் மாப்பிள்ளை. மாமியாரும் சரி என்றுவிட்டார்.

வந்த ஞாயிறு மாமியார் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வால்நட் வறுபடுவதை மேற்பார்வை பார்த்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லி ஒரு வாணலி கருகியது. அதற்கு மாப்பிள்ளைதான் காரணம் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த வாணலி சரியாக வந்தது. பிக்கான் மாமியார் சொன்ன அளவுக்கே விழுந்தது. அறுக்கும்போது சில வில்லைகள் உடைந்தன. மாப்பிள்ளை உடைந்தவற்றை மட்டும் ஒரு பக்கமாக, பார்வையில் படும்படி அடுக்கி வைத்தார். மாமியார் அதைப் பார்த்தார், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது சூடும் முடிந்து ஆறியதும், நல்ல வில்லைகளாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டார் மாமியார். தையல்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டு இதோ வந்துவிடுகிறேன் என்று படியிறங்கினார்.

மேலே டீ தயாராகி, ஆறி, மறுபடி சூடாயிற்று. மகள் எட்டிப் பார்க்கலாமா என்று கதவைத் திறந்தாள். படிக்கட்டு வழியாகப் பேச்சு ஏறி வந்தது. எந்த வருஷமோ பெய்த மழையில் தண்டவாளம் மூழ்கி, நிலையம் முழுக்க ஜனம் திரண்டு நின்ற கதை. கீழ்வீட்டார் மட்டுமல்ல, எதிர்வீட்டாரும் இறங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வருவாங்களா?" என்றாள் அவள்.

"இன்னும் மழையே நிக்கலையே" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை உடைந்த வில்லைகளில் பெரிதாக ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.